கை வலி, களைப்பு, ஒற்றைக் கை: எழுதும் வழக்கத்தை உடம்புக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

அதிகாலையில் எழுந்து தினமும் ஒரு மணி நேரம் எழுதுங்கள் என்பதுதான் எழுத வருகிற எல்லாருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவருக்கு அதிகாலைதான் விரல் மடங்காத நேரம். காலை விறைப்பு விடுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். பார்க்கின்சன் (நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் நரம்பு நோய்) உள்ளவருக்கு மாத்திரை வேலை செய்யத் தொடங்கும்வரை பேனா நகராது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர் திங்கள்கிழமை இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் புதன்கிழமை படுத்த படுக்கையாகக் கிடப்பார். தினமும் ஒரே மாதிரி இருக்கும் உடம்பை நினைத்துச் சொன்ன அறிவுரையை வைத்துக்கொண்டு இவர்கள் தங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

மூட்டுவாதம், பக்கவாதத்துக்குப் பின் ஒற்றைக் கை, தசைச் சிதைவு, தண்டுவடக் காயம், நடுக்கம், தீராத களைப்பு ஆகியவற்றோடு எழுதத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். பார்வைக் குறைபாட்டுக்குத் திரைவாசிப்பானை மையமாக வைத்த தனி முறை வேண்டும். அது இங்கே இல்லை.

முதல் இரண்டு வாரம்: குறித்து வையுங்கள்

எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு முறை எழுதும்போதும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன வேலை, எத்தனை நிமிடம், எழுதும் முன்னும் பின்னும் வலி அல்லது களைப்பு (0 முதல் 10 வரை), மறுநாள் காலை அதே எண் எவ்வளவு. பேனா பிடிக்க முடியாதவர்கள் உங்கள் எண்ணுக்கே வாட்ஸ்அப் குரல் செய்தி அனுப்பி வைத்தால் போதும்.

ஒரு வரி இப்படி இருக்கும்: செவ்வாய், மாலை 4.30, கைபேசியில் தட்டச்சு, 25 நிமிடம், முன் 3, பின் 4, மறுநாள் 6. எழுதி முடித்தபோது ஒரு புள்ளிதான் ஏறியது. அதைப் பார்த்து 25 நிமிடம் தாங்குகிறது என்று முடிவு கட்டிவிடுவோம். மறுநாள் காலை வந்த 6-தான் உண்மைக் கணக்கு. நாள்பட்ட களைப்பு நோயில் அதிக உழைப்பின் விளைவு 12 மணி முதல் 48 மணி நேரம் கழித்தும் வரும். அதனால் அந்த நோய் உள்ளவர்கள் அடுத்த இரண்டு காலையும் குறிக்க வேண்டும்.

எழுத்தோடு தொடர்பில்லாத உழைப்பையும் ஓரத்தில் குறியுங்கள். தலைக்குக் குளித்தது, பிசியோதெரபி, மருத்துவமனையில் வரிசையில் உட்கார்ந்தது, வீட்டுக்கு விருந்தாளி வந்தது. எழுத முடியாத நாளுக்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பவர் வெள்ளிக்கிழமை மாலையை எழுதுவதற்கு ஒதுக்கி வைத்திருப்பார், வாராவாரம் தோற்பார்.

உங்கள் அளவு எது?

இரண்டு வாரக் குறிப்பில், மறுநாள் எண் ஏறாமல் இருந்த வரிகளை மட்டும் எடுங்கள். அவற்றில் மிக நீளமான நேரம் எவ்வளவோ, அதில் முக்கால் பங்கை வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் தாங்கியிருந்தால் 15. இதுதான் உங்கள் ஓர் அமர்வு. அலாரம் வைத்து அதோடு நிறுத்த வேண்டும். எழுத்து நன்றாக ஓடும் நாளில் நிறுத்துவதுதான் மிகக் கடினம்; அன்றைக்குத்தான் அலாரமும் தேவை. எழுத்தில் மூழ்கியவருக்கு வலி தெரிவதே தாமதமாகத்தான். வலித்த பிறகு நிறுத்தலாம் என்று காத்திருப்பது அதனால்தான் பலிப்பதில்லை.

அமர்வுக்குள்ளேயே 7, 8 நிமிடத்துக்கு ஒருமுறை கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வையுங்கள். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே குறைந்தது அரை மணி இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் கைபேசியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஓய்வு கணக்கில் சேராது. அதே கட்டைவிரல், அதே கழுத்து, அதே கண் அப்போதும் வேலை செய்கின்றன.

இரண்டு வாரம் மறுநாள் எண் ஏறாமலே போனால், ஓர் அமர்வுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிப் பார்க்கலாம். நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்கள் கூட்ட வேண்டும் என்று அட்டவணை போடவே கூடாது. அந்த நோயில் மெல்ல மெல்ல உழைப்பைக் கூட்டுவது நிலைமையை மோசமாக்கக்கூடும்.

எந்த நேரம்?

குறிப்பு நோட்டே சொல்லும். ஆனாலும் தொடங்குவதற்குச் சில பொதுவான வழிகள் உண்டு. முடக்குவாதம் உள்ளவர்கள் வெந்நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து எடுத்த பிறகு, முற்பகலில் முயன்று பாருங்கள். பார்க்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணிக்குள் கை இலகுவாகும்; எழுதும் அமர்வை அங்கே வையுங்கள். புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரை போட்டால் அது உடம்பில் சேர்வது தாமதமாகலாம். முட்டையோ பருப்போ சாப்பிட்ட கையோடு போட்ட மாத்திரையை நம்பி எழுத உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை கெடும் நோய்) உள்ளவர்களுக்கு உடம்புச் சூடு ஏறினால் பார்வையும் கை வலுவும் தற்காலிகமாகக் குறையும். நம் ஊர் சித்திரை, வைகாசியில் பகல் 12 முதல் 4 வரை அவர்கள் எழுத முயலவே வேண்டாம்.

மூன்று கூடைகள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எழுதுவது என்று நாம் சொல்வது பல வேலைகள் சேர்ந்தது. அவற்றை உடம்பு கேட்கும் விலையை வைத்து மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியலைக் கைபேசியில் தயாராக வையுங்கள்.

நல்ல நாள் கூடையில் புதிதாக எழுதும் வேலை, கட்டுரையின் வரிசையைத் தீர்மானிப்பது, கடினமான பத்தியைத் திரும்ப எழுதுவது. நடுத்தர நாள் கூடையில் எழுதியதைக் காதால் கேட்டுத் திருத்துவது, ஒற்றும் எழுத்துப்பிழையும் பார்ப்பது, தகவல் சரிபார்ப்பது. மோசமான நாள் கூடையில் படுத்தபடியே செய்யக்கூடியவை: ஒரு நிமிடக் குரல் குறிப்பு, தலைப்புக்கு மூன்று யோசனை, பாத்திரங்களுக்குப் பெயர், ஒரு பக்கம் வாசிப்பு. அதுவும் முடியாத நாள் வரும். அன்றைக்கு ஓய்வுதான் பட்டியலில் உள்ள வேலை. நோட்டில் "ஓய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, நல்ல நாளில் மூன்று கூடையையும் சேர்த்துக் காலி செய்வது. மின்னஞ்சலுக்குப் பதில், கோப்புகளை ஒழுங்குபடுத்துவது எல்லாம் நல்ல நாளைத் தின்றுவிடும். நல்ல நாளில் நல்ல நாள் வேலை மட்டும்.

ஒவ்வோர் அமர்வின் கடைசி ஒரு நிமிடத்தை, அடுத்து எழுத வேண்டிய வாக்கியம் என்ன என்று குறித்து வைக்கச் செலவிடுங்கள். மருந்தாலும் களைப்பாலும் மூளை மந்தமாக இருக்கும் நாளில், விட்ட இடத்தைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். 15 நிமிட அமர்வில் அது மூன்றில் இரண்டு பங்கு. "அடுத்து: அப்பா கடையை விற்கும் காட்சி, சாவியிலிருந்து தொடங்கு" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். "மீதியை முடி" என்ற குறிப்பால் பயனில்லை.

பேனாவும் விசைப்பலகையும்

மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடித்தால் விரல் மூட்டு வலி கூடும். ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாய், ஏ.சி. சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்விட்டம் 3/8 இஞ்சு கேட்டு வாங்கினால் சாதாரணப் பேனா அதில் கச்சிதமாக நுழையும். 10 சென்டிமீட்டர் வெட்டி மாட்டுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்த வேண்டியிருக்கும். ஜெல் பேனா லேசாகத் தொட்டாலே எழுதும். தாளை க்ளிப் அட்டையில் மாட்டி, அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் வைத்துச் சாய்த்தால் மணிக்கட்டும் கழுத்தும் நிமிரும். ஒற்றைக் கைக்காரர்கள் அட்டைக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். பார்க்கின்சனில் எழுத்து போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும். அகலக் கோடு போட்ட நோட்டு அதை ஓரளவு தடுக்கும்.

தட்டச்சுக்கு வந்தால், தமிழ் 99 (தமிழ் எழுத்துகளை நேரடியாக அடிக்கும் விசைப்பலகை முறை) கற்றுக்கொள்வது கை வலி உள்ளவர்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் பேருதவி. "பள்ளம்" என்பதை ஆங்கில எழுத்து வழியாக அடித்தால் ஆறு தட்டு, கூடவே ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்கும் வேலை. தமிழ் 99-இல் ப, ள, ள, ம, புள்ளி: ஐந்து தட்டு, ஷிஃப்ட் கிடையாது. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி விழும். ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற போன்ற இணைகளுக்கும் அப்படியே. "தங்கம்" என்பதும் ஐந்தே தட்டு. ஷிஃப்ட் தேவைப்படுவது ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான். பழகச் சில வாரம் ஆகும். அந்த நாட்களில் எழுத்து வேகம் குறையும் என்பதால், அவசர வேலை கையில் இருக்கும்போது தொடங்காதீர்கள்.

ஒற்றைக் கையால் அடிப்பவர்களுக்கு இதே முறையில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ் 99-இல் உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம். ஒரே கை முழு அகலத்துக்கும் ஓடியாக வேண்டும். வலப்பக்க எண் பட்டை இல்லாத சிறிய ப்ளூடூத் விசைப்பலகை வாங்கி, வேலை செய்யும் கையின் பக்கம் நகர்த்தி வைத்தால் ஓட்டம் குறையும். விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும். அதன்பின் ஷிஃப்ட்டையும் கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, ஒவ்வொன்றாகத் தட்டலாம். கை நடுக்கத்தால் ஓர் எழுத்து நாலு முறை விழுகிறதென்றால் வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்துங்கள், தவறி விழும் தட்டுகளைப் பொருட்படுத்தாத ஃபில்டர் கீஸ் வரும். அது தெரியாமல் இயங்கிவிட்டால் லேசான தட்டு எதுவும் பதியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுபடி வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்தினால் நின்றுவிடும்.

குரலால் எழுதுவது

கையை முழுவதுமாக விடுவிக்கும் வழி இதுதான். ஆனால் முதல் நாளே பலர் கைவிட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வந்து விழுவது நிறுத்தற்குறியே இல்லாத ஒரே நீள வரி. இப்படிச் செய்து பாருங்கள்:

1. கணினியில் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, டூல்ஸ் பட்டியலில் வாய்ஸ் டைப்பிங்கைத் தேர்ந்தெடுங்கள். மைக் படத்துக்கு மேலே மொழியைத் தமிழாக்குங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எனத் தனித்தனியாக இருக்கும். உங்கள் உச்சரிப்புக்கு ஏற்றதை எடுங்கள். கைபேசியில் ஜிபோர்டில் (கூகுளின் விசைப்பலகைச் செயலி) தமிழைச் சேர்த்து, மைக் பொத்தானைத் தொட்டால் போதும்.

2. முழு வாக்கியத்தையும் மனதில் கட்டிக்கொண்டு பிறகு பேசுங்கள். யோசித்துக்கொண்டே இழுத்தால் மைக் நடுவில் நின்றுவிடும். நின்றது தெரியாமல் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள்.

3. ஆங்கிலத்தில் சொன்னால் விழும் நிறுத்தற்குறிக் கட்டளைகள் டாக்ஸில் தமிழுக்கு வேலை செய்வதில்லை. வாக்கியம் முடிந்ததும் "முற்றுப்புள்ளி" என்றும், பத்தி முடிந்ததும் "புதுப்பத்தி" என்றும் வாயால் சொல்லிவிடுங்கள். அவை சொல்லாகவே வந்து விழட்டும்.

4. முடித்ததும் கன்ட்ரோல், எச் அழுத்தி, "முற்றுப்புள்ளி" வரும் இடமெல்லாம் புள்ளியாக மாற்றுங்கள். தேடும் பெட்டியில் சொல்லுக்கு முன் ஓர் இடைவெளியும் சேர்த்தால்தான் புள்ளி முந்தைய சொல்லோடு ஒட்டும். "முற்றுப் புள்ளி" என்று பிரிந்து விழுந்தவற்றுக்காக இன்னொரு முறை தேடுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்டில் "புதுப்பத்தி"க்குப் பதிலாக ^ குறியும் ஆங்கில எழுத்து "பி"யும் சேர்த்துப் போட்டால் உண்மையாகவே புதுப் பத்தி உருவாகும்.

வானொலியில் செய்தி வாசிப்பதுபோல எழுத்துத் தமிழில் சொன்னால் பிழை குறையும். "போயிட்டு வந்துடலாம்னு" என்பது போன்ற பேச்சுத் தமிழ் தாறுமாறாக விழும். உரையாடல் பகுதிகளைப் பிறகு கையால் சரிசெய்யும் கணக்கில் வையுங்கள். ர-ற, ல-ள-ழ, ன-ண மயக்கமும், விடுபட்ட ஒற்றும் நிச்சயம் இருக்கும். சொல்லும்போதே திருத்தக் கூடாது. ஒவ்வொரு பிழைக்கும் கை விசைப்பலகைக்குப் போனால், எதை மிச்சப்படுத்த வந்தோமோ அதையே செலவழிக்கிறோம். திருத்தம் நடுத்தர நாள் கூடை வேலை. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மைக் குழம்பும். கம்பி இயர்போன் மைக்கை வாய்க்கு அருகில் வைத்தால் சத்தமாகப் பேசவும் வேண்டாம்.

பக்கவாதத்தால் பேச்சு குழறுபவர்களுக்கும், குரல் சீக்கிரம் ஓய்பவர்களுக்கும் இது ஒத்துவராமல் போகலாம். அவர்கள் குரல்பதிவு செய்து வேறொருவரைத் தட்டச்சு செய்யச் சொல்வது நல்லது. அவரிடம் முதலிலேயே மூன்று விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள்: சொன்னது சொன்னபடியே வர வேண்டும், வாக்கியத்தைச் "சரி" செய்யக் கூடாது, காதில் விழாத இடத்தில் ஊகிக்காமல் மூன்று நட்சத்திரக் குறி போட வேண்டும்.

திருத்தும்போது எழுத்தைக் காதால் கேளுங்கள். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்பில் செலக்ட் டு ஸ்பீக் இருக்கிறது. வேர்டில் ரீட் அலவுட். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கேட்டாலே, இடறும் வாக்கியமும் திரும்பத் திரும்ப வரும் சொல்லும் தெரிந்துவிடும்.

உட்காரும் இடம்

முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கி, முன்கை எதன் மேலாவது சாய்ந்திருக்க வேண்டும். தொங்கும் கை சீக்கிரம் களைக்கும். கைக்கு அடியில் தலையணை வைத்தாலும் போதும். படுக்கையில் எழுதுபவர்கள் மடக்குமேசையையும், கட்டிலில் கவ்வும் வளைகழுத்துக் கைபேசித் தாங்கியையும் வாங்கினால் கைபேசியைத் தூக்கிப் பிடிக்கும் வேலை மிச்சம்.

உணர்ச்சி குறைந்த இடுப்போடு சக்கர நாற்காலியில் உட்காருபவர்களுக்கு எழுத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது: நேரம் போவது தெரியாது, புண் விழுவதும் தெரியாது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் எடையை மாற்றுங்கள். இதற்குத் தனி அலாரம் வையுங்கள். எழுத்து அலாரத்தை அணைத்துவிட்டுத் தொடர ஆசை வரும். இந்த அலாரத்தை எந்த வாக்கியத்துக்காகவும் தாண்டக் கூடாது.

உதவுபவர் இருந்தால்

மேசை போட, மடிக்கணினி திறக்க, சார்ஜர் செருக இன்னொருவர் கை தேவை என்றால், எழுத்து நேரம் உங்கள் நேரம் மட்டும் இல்லை. ஆயத்தத்துக்குப் பத்து நிமிடம், எடுத்து வைக்க ஐந்து நிமிடம் என்று கணக்கில் சேருங்கள். அம்மாவோ மனைவியோ அடுப்பில் நிற்கும் நேரத்தில் அமர்வை வைத்தால், ஒரு மாதத்தில் வழக்கம் நின்றுபோகும். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: மேசை, தலையணை, இயர்போன், கைக்கெட்டும் இடத்தில் உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர், கதவு சாத்துவது. யார் வந்து உதவினாலும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்காது. கேட்டுக் கேட்டே பாதி சக்தி போய்விடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

பத்திரிகைக்கும் தேர்வுக்கும் நாள் கணக்கு

தேதி ஒப்புக்கொள்ளும்போது நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உதாரணமாக, 15 நிமிட அமர்வில் 100 சொல் வருகிறது என்றால் 1,200 சொல் கட்டுரைக்கு 12 அமர்வு, திருத்தத்துக்கு 6, மொத்தம் 18. சாதாரண வாரத்தில் 5 அமர்வு முடிகிறதென்றால் ஏறத்தாழ மூன்றரை வாரம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி, ஐந்து வாரம் கேளுங்கள். இந்த மூன்றில் ஒரு பங்கு சலுகை கேட்பதாகத் தோன்ற வேண்டாம். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் தேர்வு வழிகாட்டுதலே மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், 40 சதவீத ஊனம் இருந்தால்தான் பதிலி எழுத்தர் (சொல்வதைக் கேட்டு எழுதித் தருபவர்) என்று மறுக்க முடியாது என 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வு எழுதுபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பத்திரிகை ஆசிரியருக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த அளவு போதும்: "கட்டுரையை 20-ஆம் தேதி அனுப்புகிறேன். உடல்நிலை காரணமாகத் தள்ளிப்போகும் என்று தெரிந்தால் 15-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுவேன். தொலைபேசியைவிட மின்னஞ்சல் எனக்கு வசதி." முன்கூட்டியே சொல்லும் தேதியைத் தவறவிடாதீர்கள்; கட்டுரை தாமதமானாலும் அந்தச் சொல் காப்பாற்றப்பட்டால் அடுத்த முறையும் கேட்பார்கள்.

நின்றுபோன பின்

மருத்துவமனை, நோய் தீவிரமாதல், மருந்து மாற்றம் என்று வழக்கம் ஒருநாள் நின்றே தீரும். திரும்பும்போது பழைய 15 நிமிடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதியாக, 7 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். வேலையும் மோசமான நாள் கூடையிலிருந்து. ஒரு வாரம் மறுநாள் எண் ஏறவில்லை என்றால் நடுத்தரக் கூடைக்குப் போங்கள். புதிய மருந்து தொடங்கியிருந்தால் பழைய அளவை நம்ப வேண்டாம். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, இரண்டு வாரக் குறிப்பை மறுபடி எடுங்கள்.